கரையும் ஸ்டென்ட்டும் நடுவில் இருக்கும் மூன்று ஆண்டுகளும்

"ஸ்டென்ட்தான் கரைஞ்சு போச்சே, இனிமே இந்த மாத்திரை எதுக்குப்பா?" என்று சித்தப்பா ஒருநாள் போனில் கேட்டார். நெஞ்சுவலி வந்து அவருக்கு இதயக் குழாயில் வைத்தது சாதாரண உலோக ஸ்டென்ட் இல்லை, கரையும் வகை. வைத்த மருத்துவமனையில், "மூணு வருஷத்துல தானா கரைஞ்சிடும், உள்ள எதுவுமே இருக்காது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தை அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார். மூன்று ஆண்டு கணக்கு முடிந்ததும், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "நீங்களா நிறுத்தாதீங்க சித்தப்பா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அடைப்பு வந்தது உங்க ரத்தக்குழாய்ல. ஸ்டென்ட் போனாலும் குழாய் அதே குழாய்தானே" என்றேன். சரி என்றார். மருத்துவரும் ஆஸ்பிரினைத் தொடரச் சொல்லிவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. பாலிமர் வேதியியல் படித்து, இதே குடும்பத்துப் பொருள்களோடு ஆய்வகத்தில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். "கரைந்துவிடும்" என்ற சொல்லை அங்கே நாங்களும் ஏதோ ஒரு நற்சான்றிதழ் மாதிரிதான் பயன்படுத்துவோம். கருத்தரங்குகளில் முதல் ஸ்லைடிலேயே அது வந்துவிடும்: உடலில் கரையும், நச்சில்லாதது, லாக்டிக் அமிலமாக மாறி, கடைசியில் கரியமில வாயுவும் நீருமாக வெளியேறிவிடும். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தில் தொடக்கமும் முடிவும் மட்டும்தான் இருக்கின்றன. வைத்த நாளுக்கும் காணாமல் போகும் நாளுக்கும் நடுவில் அந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை. இந்தத் துறையின் தோல்விகளைத் தேடிப் படிக்கப் படிக்க, பெரும்பாலானவை அந்த நடுக்காலத்தில்தான் நடந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எடை குறையாமல் உடையும் பொருள்

ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை மிக எளிமையானது. பாலிலாக்டைடு என்ற பாலிமரை மெல்லிய படலங்களாக வார்த்து, சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் உப்புக்கரைசல் உள்ள குப்பியில் போட வேண்டும். கரைசலின் பிஎச் 7.4, வெப்பநிலை 37 டிகிரி. உடலுக்குள் இருப்பது போன்ற சூழல். குறிப்பிட்ட இடைவெளியில் சில குப்பிகளைத் திறந்து, துண்டுகளை வடிநீரில் அலசி, வெற்றிட அடுப்பில் உலர்த்தி, நுண்தராசில் எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். மாதக்கணக்கில் இதைச் செய்தேன். எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. என்ன இது, எதுவுமே நடக்கவில்லையே என்று சலித்துப்போன ஒரு நாளில், இடுக்கியால் ஒரு துண்டைத் தூக்கியபோது அது நடுவில் கோடு விழுந்து இரண்டாக உடைந்தது. சத்தம்கூட இல்லை. அழுத்திப் பிடிக்கவும் இல்லை. ஆரம்பத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருந்த படலம் பால் நிறத்துக்கு மாறியிருந்ததை அப்போதுதான் சரியாகக் கவனித்தேன். இரண்டு துண்டுகளையும் சேர்த்து எடை போட்டேன். தராசு பழைய எண்ணையேதான் காட்டியது.

மூலக்கூறு எடையை அளந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. பாலிலாக்டைடு என்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட நீளமான சங்கிலிகளின் கூட்டம். தண்ணீர் உள்ளே நுழைந்து அந்தச் சங்கிலிகளை அங்கங்கே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகளும் நீளமானவைதான் என்பதால் அவை கரைந்து வெளியே போவதில்லை. அதனால் எடை குறைவதில்லை. ஆனால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பளுவைத் தாங்க நீளமான சங்கிலிகள் வேண்டும். அந்த நீளம் போய்விட்டது. ஆக முதலில் குறைவது மூலக்கூறு எடை, அடுத்தது வலிமை, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பொருளின் எடை. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு காலக்கணக்கில் ஓடுகின்றன. "கரைய மூன்று ஆண்டு" என்று சொல்லும்போது நாம் சொல்வது மூன்றாவது கணக்கை மட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சங்கிலி வெட்டுப்படும்போதெல்லாம் அமில முனை ஒன்று உருவாகிறது. அந்த அமிலம் மேலும் வெட்டுவதைத் துரிதப்படுத்தும். மெல்லிய படலமாக இருந்தால் அமிலம் வெளியேறிவிடும். தடிமனான துண்டில் நடுப்பகுதியில் உருவாகும் அமிலத்துக்குப் போக வழியில்லை. அதனால் வெளித்தோல் உறுதியாக இருக்க, உட்பகுதி முந்திக்கொண்டு சிதையும். பிரான்ஸில் மிஷேல் வேர் குழுவினர் இதை விரிவாகக் காட்டினார்கள். தடிமனாகச் செய்தால் நெடுநாள் தாங்கும் என்று நாம் இயல்பாக நினைப்போம். இந்தப் பொருளிடம் அந்தக் கணக்கு செல்லாது.

மருந்தைச் சுமப்பதும் பாரத்தைச் சுமப்பதும்

இந்தப் பாலிமர்களுக்கு மருத்துவத்தில் நல்ல பெயர் கிடைத்தது தையல் நூலால். பாலிகிளைகோலிக் அமிலத்தில் செய்த டெக்ஸான் 1970-இல் வந்தது, சில ஆண்டுகளில் விக்ரில். சிசேரியன் முடிந்த வீட்டில் "தையல் பிரிக்க வர வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவதெல்லாம் அதன் தொடர்ச்சிதான். அடுத்து மருந்து. ராபர்ட் லாங்கரும் ஜூடா ஃபோக்மனும் 1976-இல் பெரிய மூலக்கூறுகளைக்கூடப் பாலிமருக்குள் வைத்து மெல்ல மெல்ல வெளியேற்ற முடியும் என்று காட்டினார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒரு முறை போடும் லியூப்ரோலைடு ஊசி அமெரிக்காவில் 1989-இல் அனுமதி பெற்றது. அதில் இருப்பவை கரையும் பாலிமராலான நுண்ணுருண்டைகள். மூளைக் கட்டியை அகற்றிய குழியிலேயே வைக்கும் கிளியாடெல் வில்லைகள் 1996-இல் வந்தன. அவை பாலிஅன்ஹைட்ரைடு என்ற வேறு வகை. குளியல் சோப்பு மாதிரி மேற்பரப்பிலிருந்து மட்டும் தேய்ந்துகொண்டே போகும்படி வடிவமைத்தவை.

இவை எல்லாம் வெற்றிக் கதைகள், சந்தேகமில்லை. ஆனால் அந்த வெற்றியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட நம்பிக்கை கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். மருந்தைச் சுமக்கும் உருண்டைக்குச் சிதைவதே வேலை. அது பாதியில் உடைந்தாலும் எதுவும் இடிந்து விழாது; மருந்து கொஞ்சம் முன்னே பின்னே வெளிவரும், அவ்வளவுதான். தையல் நூல் ஓரிரு வாரம் தாங்கினால் போதும், அதற்குள் காயத்தின் இரு ஓரங்களும் ஒட்டிக்கொள்ளும். திசுவைத் தாங்க வைக்கும் சாரத்தின் கதை வேறு. கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்ற தாங்கி அது; கரையும் ஸ்டென்ட்டும் அப்படி ஒன்றுதான். அதன் வலிமை குறையும் அதே வேகத்தில் உடல் அந்த இடத்தில் தன் திசுவைக் கட்டி முடித்திருக்க வேண்டும். பாலிமர் சிதையும் வேகத்தை நாம் தொழிற்சாலையில் நிர்ணயிக்கலாம். சர்க்கரை நோய் உள்ள அறுபது வயதுக்காரரின் ரத்தக்குழாய் எந்த வேகத்தில் தன் உட்தோலை வளர்க்கும் என்பதை யார் நிர்ணயிப்பது?

அப்சார்ப்

கரையும் ஸ்டென்ட்டை மனிதருக்கு முதலில் வைத்துக் காட்டியது ஜப்பானில் ஹிதேயோ தமாய் குழு. 15 நோயாளிகளின் முடிவுகளை 2000-இல் வெளியிட்டார்கள். ஆனால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது அபாட் நிறுவனத்தின் அப்சார்ப். அந்த ஸ்டென்ட்டைச் செய்திருப்பது பாலிலாக்டைடில். மேலே எவரோலிமஸ் என்ற மருந்து கலந்த மெல்லிய பூச்சு. 2011-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது, பிறகு இந்தியாவுக்கும் வந்தது, லட்சத்தைத் தாண்டிய விலையில். 2016 ஜூலையில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ அனுமதித்தது. ரத்தக்குழாய்க்குள் ஆயுள் முழுக்க ஓர் உலோகக் கூண்டு எதற்கு, வேலை முடிந்ததும் போய்விட்டால் குழாய் பழையபடி சுருங்கி விரியுமே என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம். எனக்கு இன்றைக்கும் அது அழகான எண்ணமாகத்தான் படுகிறது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், உலோகத்தின் விறைப்பு பாலிமரிடம் இல்லை. விறைப்பைக் காட்டும் எண் மீட்சிக்கெழு. உலோக ஸ்டென்ட் செய்யும் கோபால்ட்-குரோமியத்துக்கு அது 200 கிகாபாஸ்கலைத் தாண்டும். பாலிலாக்டைடுக்குச் சுமார் 3 தான். அதே குழாயைத் தாங்க வேண்டுமானால் ஸ்டென்ட்டின் வலையாக இருக்கும் கம்பிகளைத் தடிமனாக்கியாக வேண்டும். அன்றைய முன்னணி உலோக ஸ்டென்ட்டின் கம்பி 81 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், அப்சார்ப்பின் கம்பி ஏறக்குறைய 150. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத குழாயில் இது சின்ன வித்தியாசம் இல்லை. தடித்த கம்பியின் ஓரத்தில் ரத்த ஓட்டம் தடுமாறும், அங்கே உறைகட்டி உருவாக வாய்ப்பு கூடும், உட்தோல் படர்ந்து கம்பியை மூடவும் அதிக காலம் எடுக்கும். ஸ்டென்ட்டைக் குழாய்க்குள் விரிக்கும் பலூனை அதிகமாக விரித்தால் உலோகம் வளைந்து கொடுக்கும், இது முறிந்துவிடும். அப்புறம் மருந்து. குழாயின் தசை அளவுமீறி வளராமல் தடுக்கத்தான் எவரோலிமஸ். முதல் சில மாதங்களிலேயே அது பெரும்பாலும் வெளியேறிவிடும், ஆனால் அந்த மாதங்களில் உட்தோல் வளர்வதையும் அது தாமதப்படுத்துகிறது.

அடுத்தடுத்து வந்த செய்திகள் நன்றாக நினைவிருக்கின்றன. 2016 இலையுதிர் காலத்தில் அப்சார்ப்-2 என்ற ஆய்வின் மூன்றாண்டு முடிவுகள் வந்தன. 501 நோயாளிகள். எந்த நம்பிக்கையில் இதை உருவாக்கினார்களோ அதையே நேரடியாகச் சோதித்திருந்தார்கள்: ரத்தக்குழாயை விரியவைக்கும் நைட்ரேட் மருந்தைச் செலுத்தி, கரையும் சாரம் வைத்த குழாய் உலோகம் வைத்த குழாயைவிட நன்றாக விரிகிறதா என்று அளந்தார்கள். விரியவில்லை. குழாயின் உள்விட்டம் குறைந்த அளவும் இதில்தான் அதிகம், 0.37 மில்லிமீட்டர், உலோகத்தில் 0.25. உறைகட்டி அடைப்பும் கரையும் வகையில்தான் வந்திருந்தது. 2017 மார்ச்சில் எஃப்டிஏ மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பெரிய அமெரிக்க ஆய்வின் இரண்டாண்டுக் கணக்குப்படி, கடுமையான இதயப் பாதிப்புகள் அப்சார்ப்பில் 11 சதவீதம், உலோகத்தில் 7.9. சாதனத்துக்குள் உறைகட்டி 1.9 சதவீதம், உலோகத்தில் 0.8. அந்த ஆண்டு செப்டம்பரில் விற்பனை நின்றது. இந்தியாவில் அதே ஆண்டு பிப்ரவரியில்தான் மருந்து விலை ஆணையம் மருந்து பூசிய உலோக ஸ்டென்ட்டுக்கும் கரையும் ஸ்டென்ட்டுக்கும் சேர்த்து 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டிருந்தது. புதுமைக்கு மதிப்பில்லையா என்று அப்போது சிலர் கொதித்தார்கள். கூடுதல் பலன் இருப்பதாக நிரூபிக்கப்படாத பொருளுக்குக் கூடுதல் விலை எதற்கு என்பதே என் பக்கம், அன்றும் இன்றும்.

இதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். 2019-இல் அந்தப் பெரிய அமெரிக்க ஆய்வின், அதாவது 2,008 நோயாளிகள் இருந்த அப்சார்ப்-3-இன், ஐந்தாண்டு முடிவுகள் வெளியாயின. முதல் மூன்று ஆண்டுகளில் கரையும் வகைக்கு ஆபத்து கூடுதல், அது தெரிந்ததுதான். மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் இடையில் அந்தக் கூடுதல் ஆபத்து இல்லை. இரண்டு வகைகளும் ஏறக்குறைய சமம். சாரம் முழுமையாகக் கரையும் காலமும், கூடுதல் ஆபத்து முடியும் காலமும் ஒன்றாக இருந்தன.

அந்த வரைபடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொருள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. போகிறேன் என்றது, போய்விட்டது, போன பிறகு தொந்தரவும் இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர நோயாளி மூன்று ஆண்டுகளைக் கடக்க வேண்டியிருந்தது. சில மாதங்களில் மருந்து தீர்ந்துவிடுகிறது. அரை ஆண்டு போல ஆகும்போது தாங்கும் வலிமை இறங்கத் தொடங்குகிறது. எடை மட்டும் அங்கேயே இருக்கிறது. உட்தோல் முழுக்க மூடிய கம்பி உடைந்தால் குழாய்ச் சுவருக்குள்ளேயே அடங்கிவிடும். மூடாத கம்பி உடைந்தால் ரத்த ஓட்டத்துக்குள் தலைநீட்டும். ரத்தக்குழாய்க்குள் இழை செலுத்தி எடுக்கும் ஓசிடி படங்களில், தாமதமாக அடைப்பு வந்த சிலரிடம் இப்படிக் கலைந்து தொங்கும் கம்பிகளைப் பார்த்திருக்கிறார்கள். என் இடுக்கியில் உடைந்த படலத்துக்கும் அதற்கும் வேதியியலில் வித்தியாசம் கிடையாது. தராசை மட்டும் நம்பியிருந்தால் எதுவும் நடக்கவில்லை என்றுதான் நானும் எழுதியிருப்பேன்.

குழந்தைகளிடம் வேறு விதமாக

இதை மட்டும் வைத்து இந்தப் பாலிமர்களே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1999-இல் தோக்கியோவில் தோஷிஹாரு ஷினோகா, 4 வயதுச் சிறுமிக்கு நுரையீரல் தமனியின் ஒரு பகுதியை, அவளுடைய செல்களையே விதைத்த கரையும் சாரத்தால் மாற்றி வைத்தார். குழந்தைக்குச் செயற்கைக் குழாய் வைத்தால் உடம்பு வளரும், குழாய் வளராது; மறுபடி அறுவை. அதனால் உடலே தன் குழாயைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசைக்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது. விதைத்த செல்கள்தான் வளர்ந்து குழாயாகின்றன என்று முதலில் நம்பினார்கள். எலிகளில் பார்த்தபோது அவை சில நாட்களில் மறைந்துவிட்டன. உடல் அனுப்பும் நோயெதிர்ப்புச் செல்கள் வந்து சாரத்தைச் சூழ்ந்துகொண்ட பிறகு, பக்கத்துக் குழாயின் செல்கள் உள்ளே வந்து கட்டின.

இந்தக் குழாய்களிலும் நடுக்காலச் சிக்கல் வந்தது. சில குழந்தைகளுக்குக் குழாய் குறுகியது, பலூன் வைத்து விரிக்க வேண்டி வந்தது, அமெரிக்காவில் நடந்த ஆய்வை இடைநிறுத்தவும் வேண்டி வந்தது. ஒஹாயோ, யேல் குழுக்கள் அதன்பின் செய்த வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது. சாரம் தூண்டும் அழற்சி, பாலிமர் சிதையச் சிதையத் தணியும். தணிந்தால் குறுகிய குழாய் தானே விரிய வேண்டும் என்று கணித மாதிரி சொன்னது. ஆடுகளில் வைத்துப் பார்த்தார்கள். குறுகியது, பிறகு தானாகவே விரிந்தது. 2020-இல் வெளியிட்டார்கள். நடுக்காலத்தை மறைக்காமல் நேருக்கு நேர் அளந்ததால் வந்த பலன் இது. பதறி உடனே பலூன் வைப்பதா, காத்திருப்பதா என்ற முடிவே அதனால் மாறுகிறது.

மிச்சிகனில் 2012-இல் மூச்சுக்குழாய் அடிக்கடி மடங்கிப்போன ஒரு கைக்குழந்தைக்கு, பாலிகாப்ரோலாக்டோனில் 3டி முறையில் அச்சிட்ட தாங்கியை வைத்தார்கள். 21 நாட்களில் வென்டிலேட்டர் முழுதாக எடுக்கப்பட்டது. அந்தப் பாலிமர் கரைய ஆண்டுக்கணக்காகும், குழந்தையின் மூச்சுக்குழாய் உறுதிப்படவும் அவ்வளவு காலம் வேண்டும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தாங்கியை வைத்ததும் குழாய்க்கு வெளியில். அது உடைந்து காற்றோட்டத்துக்குள் விழும் கேள்வியே இல்லை. எந்த இடம், எந்த உறுப்பு, உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று கேட்ட பிறகு பொருளைத் தேர்ந்தெடுத்த வேலை என்று இதைச் சொல்வேன்.

முழங்காலுக்குக் கீழே

அதே பாலிலாக்டைடு, அதே எவரோலிமஸ், மறுபடியும் அபாட் வழியாகவே திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை இதயத்துக்கு இல்லை, முழங்காலுக்குக் கீழே ஓடும் தமனிகளுக்கு. எஸ்பிரி என்று பெயர். கம்பி 99 மைக்ரான். நம் ஊரில் வாபியிலுள்ள மெரில் நிறுவனமும் இதயத்துக்கான தன் கரையும் சாரத்தில் கம்பியை 100 மைக்ரானுக்குக் கொண்டுவந்திருக்கிறது. தடிமன்தான் முதல் எதிரி என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். 261 பேர் கலந்துகொண்ட எஸ்பிரி ஆய்வு 2023-இல் வெளியானது. கால் இழப்பு, குழாய் முழுக்க அடைபடுதல், மறுபடி குறுகுதல், மறு சிகிச்சை ஆகியவை இல்லாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் சாரம் வைத்தவர்களில் 74 சதவீதம், பலூன் மட்டும் வைத்தவர்களில் 44 சதவீதம். 2024 ஏப்ரலில் எஃப்டிஏ அனுமதித்தது.

இந்தச் செய்தி எனக்கு ஏன் முக்கியம் என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய், ஆறாத கால்புண், முதலில் விரல், பிறகு பாதம் என்று அடுத்தடுத்து வெட்டி எடுக்கும் கொடுமை, எந்தத் தெருவிலும் ஒரு வீட்டில் இருக்கிறது. அந்தக் குழாய்கள் மெல்லியவை, நீளமானவை. பலூன் வைத்து விரித்தாலும் விரைவில் மறுபடி மூடிக்கொள்பவை. புண் ஆறும் வரையாவது ரத்தம் பாதத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சில மாதங்களுக்குத் திறந்திருப்பதே பெரிய லாபம் என்ற இடத்தில், கொஞ்ச காலம் தாங்கிவிட்டு மறையும் சாரம் சரியான கருவிதான். நடுக்காலத்தில் இங்கே அடைப்பு வந்தாலும் அது மாரடைப்பு இல்லை. விலை கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் அது வேறு விலை.

அனுமதி கிடைத்தபோது கையில் இருந்தது ஓராண்டுக் கணக்கு. கரைய எடுக்கும் காலமோ அதைவிட நீளம். ஆகவே இதைப் பற்றி எங்கே புதிய எண் வந்தாலும் நான் முதலில் தேடுவது இரண்டாம், மூன்றாம் ஆண்டு வரிசைகளைத்தான். வைத்துக்கொள்ளும் நோயாளியிடமும் அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். மருந்து எத்தனை மாதம், தாங்கும் வலிமை எத்தனை மாதம், முழுதாகக் கரைய எத்தனை ஆண்டு, இதற்கு நடுவில் எந்த மாத்திரையை எது வரை நிறுத்தவே கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் கொடுக்கும் அந்தச் சிறிய ஸ்டென்ட் அட்டையில், வரிசை எண்ணுக்குக் கீழே, தமிழில் நான்கு வரிகளுக்கு இடம் தாராளமாக இருக்கிறது.